கேப்புக்கு வாரண்டி உண்டு, அடியில் இருக்கும் பல்லுக்கு?

பழுதான பல்லின் மேல் உறைபோல மாட்டும் ஜிர்கோனியா (உறுதியான செராமிக்) கேப் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் ஒரு அட்டை இருக்கிறது. ஏடிஎம் அட்டை அளவில், பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாரண்டி அச்சிட்ட அட்டை. அதைக் கொடுப்பது கேப்பைச் செய்த லேப் அல்லது அதற்கான பொருளைத் தயாரித்த நிறுவனம். கேப் உடைந்தால் வேறு கேப் செய்து தருவார்கள். நல்ல ஜிர்கோனியா கேப் உடைவதோ அபூர்வம். கேப்பின் விளிம்பு முடிந்து சொந்தப் பல் தொடங்கும் இடத்தில் புதிதாகச் சொத்தை விழுந்தாலும், உள்ளே இருக்கும் பல் முறிந்து கேப்போடு கையில் வந்தாலும் அந்த அட்டையால் பயனில்லை. வம்பு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

பல் கிளினிக்கில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: எந்த மெட்டீரியல் நல்லது, எத்தனை வருடம் வரும்? இரண்டுமே நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. என் பல்லில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இந்த வைத்தியத்துக்காக அதில் இன்னும் எவ்வளவை இழைத்து எடுக்கப்போகிறீர்கள்? அடைப்பு, வேர் சிகிச்சை, கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்று நீளும் பட்டியலில் எது பொருந்தும் என்பதைப் பெருமளவு இந்தக் கேள்விக்கான பதிலே தீர்மானிக்கிறது.

எலும்பு முறிந்தால் கூடிவிடும். பல்லின் மேலுறையான எனாமல் கூடாது. எடையில் சுமார் 96 விழுக்காடு கனிமமாக இருக்கும் அந்தப் பொருளில் உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கட்டிய செல்கள் பல் முளைப்பதோடு மறைந்துவிடுகின்றன. எனாமலுக்கு அடியில் டென்டின் இருக்கிறது. அதில் கனிமம் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் என்பதால் அமிலத்துக்குச் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். அதற்கும் உள்ளே, நாம் பொதுவாக ‘நரம்பு’ என்று சொல்லும் பற்கூழ். நரம்போடு ரத்தக்குழாய்களும் அங்கே உண்டு. எனாமலில் மெல்ல இறங்கும் சொத்தை டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் அகலமாகப் பரவுகிறது. அதனால்தான் மேலே குண்டூசி முனையளவு கருப்பு தெரிகிற பல்லைத் திறந்தால் உள்ளே பாதி வெற்றாக இருக்கிறது. சின்னக் கருப்பைக் காட்டி மருத்துவர் பெரிய தொகை சொல்லும்போது சந்தேகப்படுவது இயல்பு. எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தேகப்படலாம்.

‘பல்லில் பூச்சி’ என்று ஊரில் சொல்வார்கள். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியே எடுக்கிற பழக்கமும் இருந்தது. பல்லில் பூச்சி எதுவும் இல்லை. சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும் பாக்டீரியாதான் இருக்கிறது. பல்லைச் சுற்றி பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீண்டும் மேலே ஏற்றி, போன கனிமத்தில் கொஞ்சத்தைத் திருப்பி வைக்கும். இது நாள் முழுக்க நடக்கிற இழுபறி. எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதற்கு இங்கே கனம் அதிகம். ஆபீஸ் மேசையில் இரண்டு மணி நேரம் சர்க்கரை டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறவரின் பல்லுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

இந்த இழுபறியில் பல் தோற்கத் தொடங்கியதன் முதல் அடையாளம் கருப்பு அல்ல, பளபளப்பு இழந்த சுண்ணாம்பு நிறப் புள்ளி. மேற்பரப்பு உடையாமல் இருக்கும்வரை அங்கே டிரில் வைக்கத் தேவையில்லை. ஃப்ளூரைடு பேஸ்ட், ஃப்ளூரைடு வார்னிஷ், சாப்பிடும் முறையில் மாற்றம் இவற்றால் அதை அங்கேயே நிறுத்த முடியும். ஃப்ளூரைடு என்றாலே தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது; நிலத்தடி நீரில் அது அளவுக்கு மீறிப் போனதால் பழுப்பேறிய பற்களைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பிள்ளைப் பருவத்தில், பல் உள்ளே உருவாகும்போது ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடிப்பது வேறு, பேஸ்ட்டைத் தேய்த்துத் துப்புவது வேறு.

டிரில் வைக்க முடியாத இடங்களுக்கு இன்னொரு மருந்து உண்டு: சில்வர் டயமைன் ஃப்ளூரைடு. ஊசியும் இல்லை, இழைப்பும் இல்லை. சொத்தைமேல் ஒரு சொட்டுத் தடவினால் பாக்டீரியா சாகும், சொத்தை இறுகும். விலை என்னவென்றால், தடவிய சொத்தை நிரந்தரமாகக் கரிக்கட்டை நிறமாகிவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. நாற்காலியில் உட்கார மறுக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும், படுக்கையிலிருந்து எழ முடியாத பாட்டிக்கும் இதைவிடப் பெரிய உதவி பல் மருத்துவத்தில் அதிகமில்லை. கருப்பாகிவிடுமே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். விழப்போகிற பால்பல்தான்.

குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் செய்தது அமால்கம், நம் ஊரில் ‘வெள்ளி அடைப்பு’. பெயரில்தான் வெள்ளி; எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம், மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கடினமானது, மலிவானது, ஈரம் பட்டாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாதது. ஒரே குறை, அது பல்லோடு ஒட்டாது. ஒட்டாத பொருள் விழாமல் நிற்க வேண்டுமானால் குழியின் வாயைவிட அடிப்பகுதி அகலமாக இருக்க வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடைவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜி.வி. பிளாக் வகுத்த விதிகள் இன்னொரு படி மேலே போயின: பின்னாளில் சொத்தை விழக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் இப்போதே குடைந்து அடைத்துவிடு. அவர் காலத்துக்கு அது அறிவுள்ள யோசனை. ஃப்ளூரைடு பேஸ்ட் இல்லை, திரும்ப வந்து காட்டுவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் அந்த விதிகளைப் படித்த பல தலைமுறை மருத்துவர்கள் நல்ல பல்லை நிறையவே குடைந்து தள்ளினார்கள்.

நிலைமையை மாற்றியது பசை. 1955இல் மைக்கேல் புனக்கோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சற்று அரித்தால் அது சொரசொரப்பாகி, பிளாஸ்டிக் பிசின் அதில் இறங்கிப் பிடித்துக்கொள்வதைக் கண்டார். கப்பல், கார் தொழிலில் வர்ணம் அடிக்கும் முன் உலோகத்தை அமிலத்தால் தயார் செய்வதைப் பார்த்து வந்த யோசனை அது. 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின், இன்று நாம் ‘வெள்ளை அடைப்பு’ என்று சொல்லும் காம்போசிட்டுக்கு அடிப்படையானது. இனிமேல் சொத்தையை மட்டும் எடுத்தால் போதும். அடைப்பு பிடித்து நிற்பதற்காகக் குடைய வேண்டாம். பல்லின் நிறம் என்பது காம்போசிட்டின் இரண்டாவது லாபம்தான். விளம்பரங்கள் அதை முதலாவதாக்கிவிட்டன.

காம்போசிட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. நீல ஒளி பட்டு இறுகும்போது அது கொஞ்சம் சுருங்கும், கன அளவில் 2 முதல் 3 விழுக்காடு. ஒரேயடியாகத் திணித்தால் விளிம்பில் இடைவெளி விழும். அதனால் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு, ஒளி, அடுத்த அடுக்கு என்று கட்ட வேண்டும். ஒரே தடவையில் கூடுதல் கனத்துக்கு நிரப்பத்தக்க வகைகளும் இப்போது வந்துவிட்டன. மற்றது ஈரம். ஒட்டும் நேரத்தில் எச்சிலோ ஈறிலிருந்து ரத்தமோ பட்டால் பசை பிடிக்காது. இதற்கு மருந்து 1864இலேயே வந்துவிட்டது: ரப்பர் டேம். பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு வாயின் மற்ற பகுதியை மூடும் மெல்லிய ரப்பர் விரிப்பு. பல கிளினிக்குகளில் அதைப் பார்க்கவே முடிவதில்லை. நேரம் பிடிக்கும், வருகிறவர்களுக்கும் வாயைக் கட்டிப்போட்டது போலிருக்கும் என்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த கம்பெனி காம்போசிட் என்று விசாரிப்பதைவிட ரப்பர் டேம் போடுவீர்களா என்று விசாரிப்பது பயன் தரும். பஞ்சு வைத்து எச்சிலை நன்றாகக் கட்டுப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஈறோரத்தில், ஈரத்தைத் தவிர்க்கவே முடியாத குழிகளுக்கு கிளாஸ் அயனோமர் இருக்கிறது. ‘ஜிஐசி’ என்று பில்லில் எழுதுவார்கள். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வில்சனும் கென்ட்டும் கொடுத்தது. தானாகவே பல்லோடு ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளூரைடு விடும். ஆனால் தேயும், உடையும். முறுக்கு கடிக்கிற கடைவாய்ப்பல்லில் பெரிய குழிக்கு அதை நிரந்தர அடைப்பாக நம்ப முடியாது.

அமால்கம் இன்று விடைபெறும் வழியில் இருக்கிறது. வாயில் இருக்கும் அடைப்பு ஆளைக் கொல்கிறது என்பதற்காக அல்ல, பாதரசம் சாக்கடை வழியாக நீருக்கும் மீனுக்கும் போகிறது என்பதற்காக. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013இன் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை அமால்கத்தின் பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை உள்ள விதிவிலக்குகள் நீங்கலாக, நிறுத்திவிட்டது.

சொத்தை நரம்புக்குப் பக்கத்தில் போய்விட்ட பல்லில்தான் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசி, உடனே நின்றுவிட்டால் நரம்பு இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, பகலில் சும்மா இருந்த பல் இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தாலோ அது அநேகமாக இனி ஆறாத நரம்பு வீக்கம். ஏமாற்றுவது மூன்றாவது நிலை: நான்கு நாள் தூங்கவிடாத வலி ஐந்தாம் நாள் தானாக நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். அடுத்தது வேர் நுனியில் சீழ். மெடிக்கலில் வாங்கிப் போடுகிற ஆன்டிபயாடிக் அந்தச் செத்த கூழுக்குள் போகாது, அங்கே ரத்த ஓட்டமே இல்லை.

நரம்பு உயிரோடு இருந்தால் அதைக் காப்பாற்றும் வழியும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சொத்தையில் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுப்பதே ஒழுங்கான வேலை. அப்படிச் சுரண்டும்போதே பல பற்களில் நரம்பு வெளியே தெரிந்து, வேர் சிகிச்சைக்குப் போயின. இப்போது ஆழமான குழியில் ஓரங்களை மட்டும் முழுதாகச் சுத்தம் செய்து, நரம்புக்கு மேலே இருக்கும் மென்மையான படலத்தை விட்டுவைத்து, இறுக்கமாக மூடச் சொல்கிறார்கள். உணவு கிடைக்காத பாக்டீரியா ஓய்ந்துவிடும். ‘சொத்தையை விட்டுட்டு அடைச்சிட்டார்’ என்று மருத்துவரைத் திட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. இதே தர்க்கத்தை ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற மருத்துவர் குழந்தைகளிடம் கடைசிவரை கொண்டுபோனார்: சொத்தைப் பால் கடைவாய்ப்பல்லை இழைக்காமல், ஊசி போடாமல், அப்படியே எஃகுத் தொப்பியால் மூடி ஒட்டிவிடுவது. பல் விழும் வயதுவரை பெரும்பாலும் அது தாங்குகிறது.

காப்பாற்ற முடியாத நரம்புக்கு வேர் சிகிச்சை, எல்லோரும் சொல்லும் ரூட் கேனால். மேலே துளையிட்டு, கூழை எடுத்து, வேர்க்குழாய்களை மெல்லிய ஃபைல்களாலும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலாலும் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற பொருளால் அடைப்பது. மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து வருகிற அது, ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது.

வேர் சிகிச்சை செய்த பல் ‘செத்த பல்’, காய்ந்துபோய் நொறுங்கிவிடும், அதனால் கேப் கட்டாயம் என்று சொல்லப்படுவது உண்டு. காய்வது அல்ல காரணம். 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் முன்கடைவாய்ப் பற்களில் அளந்து பார்த்தார்கள். வேர் சிகிச்சைக்கான வேலைகள் மட்டும் பல்லின் விறைப்பைக் குறைத்தது வெறும் 5 விழுக்காடு. முன்பின் விளிம்பு மேடுகள் இரண்டையும் எடுத்துவிட்ட அகலமான குழியோ 63 விழுக்காடு குறைத்தது. பல்லை பலவீனமாக்குவது நரம்பு போனது அல்ல, சுவர் போனது.

இதிலிருந்து நடைமுறை முடிவுகள் பல வருகின்றன. அடிபட்டு நரம்பு செத்த, மற்றபடி முழுசாக இருக்கும் முன்பல்லுக்கு வேர் சிகிச்சைக்குப் பிறகு துளையை அடைத்தால் போதும். நிறம் மாறினால் உள்ளிருந்து வெளுக்க வைக்கலாம். கடைவாய்ப்பல்லில் ஒரு பக்கச் சுவரோ இரண்டு பக்கமோ போயிருந்தால் கதை வேறு. மெல்லும் விசையில் மிச்சச் சுவர்கள் விரிந்து, வேர்வரை நெடுக்காகப் பிளந்துவிடலாம். அதன்பின் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதற்குக் கேப் வேண்டும், அல்லது முனைகளை மட்டும் மூடும் ஆன்லே. வேர் சிகிச்சையோடு வலி நின்றுவிடுவதால் கேப்பை ‘அடுத்த போனஸுக்கு’ என்று தள்ளிப்போடுகிறவர்களின் பற்கள்தான் இப்படிப் பிளக்கின்றன.

கேப்புக்கு ஒரு நிபந்தனை: ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் சொந்தப் பல் நிற்க வேண்டும். மண்வெட்டிக் காம்பின் நுனியை பூண் பிடித்திருப்பது போல, கேப் அந்த விளிம்பைச் சுற்றிப் பிடிக்கிறது. காம்பே இல்லாமல் பூண் மட்டும் போட்டு என்ன செய்வது? சுவர் எதுவுமே இல்லாத வேருக்குள் போஸ்ட் என்ற சிறு கம்பியை இறக்கி, அதன்மேல் கட்டி, அதற்கு விலையுயர்ந்த கேப் போடுகிறார்கள். சில காலம் நிற்கும். போஸ்ட் மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, வேருக்குப் பலம் எதுவும் தராது.

கேப்பின் பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாததற்குக் காரணம், பேச அதிகம் இல்லை என்பதே. முழு உலோகக் கேப்புக்குக் குறைவான இழைப்பு போதும், எதிர்ப்பல்லையும் அதிகம் தேய்க்காது. சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு இன்றும் நல்ல தேர்வு, ஆனால் யாரும் கேட்பதில்லை. உலோகத்தின் மேல் செராமிக் பூசியது பல பத்தாண்டுகள் பார்த்துவிட்ட வகை. செராமிக் சில்லு பெயரலாம், ஈறோரத்தில் கருங்கோடு தெரியலாம். ஜிர்கோனியா மிக வலுவானது. லித்தியம் டைசிலிக்கேட் என்ற இன்னொரு செராமிக் வலுவில் அதில் பாதியை எட்டாது, ஒளி ஊடுருவும் அழகில் முந்தும். கடைவாய்க்கு முன்னது, முன்பல்லுக்குப் பின்னது என்பது பொதுவான வழக்கம்.

பேச வேண்டியது இழைப்பைப் பற்றி. முழுக் கேப்புக்காகப் பல்லைத் தயார் செய்யும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பகுதியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேலேயே போய்விடுகிறது. பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீருக்குப் போவது அதைவிட மிகக் குறைவு. ஏற்கெனவே பாதி இழந்த கடைவாய்ப்பல்லுக்கு இந்தக் கணக்கு நஷ்டமில்லை. சற்றே கோணிய, சொத்தை எதுவுமில்லாத ஆறு முன்பற்களை, கல்யாணத்துக்கு முன் பத்து நாளில் ‘ஸ்மைல் டிசைன்’ என்று இழைத்துக் கேப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது. கம்பி போட்டால் வருடமாகும் என்பது உண்மைதான். இருபத்தைந்து வயதில் இழைத்த பல்லுக்கு நாற்பதில் இன்னொரு கேப், ஐம்பத்தைந்தில் இன்னொன்று வேண்டியிருக்கும் என்பதும் உண்மை, அதை யாரும் சொல்வதில்லை.

பைக்கிலிருந்து விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ உடைந்த பல்லுக்குச் சொத்தைப் பல்லைவிட ஒரு அனுகூலம் உண்டு: மிச்சம் இருப்பதெல்லாம் நல்ல பல். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துப் போங்கள், அதையே திரும்ப ஒட்ட முடியும். பல் வேரோடு வந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, முடிந்தால் குழியிலேயே திரும்பச் செருக வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் வேரின்மேல் இருக்கும் செல்கள் காய்ந்து செத்துவிடும். பால்பல்லுக்கு இது பொருந்தாது. அதைத் திரும்பச் செருகக் கூடாது, கீழே வளரும் நிரந்தரப் பல் கெடும்.

பல்லே போய்விட்ட இடத்தில் கழற்றி மாட்டும் செட், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் வேரான இம்ப்ளான்ட் என்று மூன்று வழி. பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்துப் பற்களையும் கேப்புக்கு இழைப்பதுபோல் இழைக்க வேண்டும். அந்த இரண்டும் ஏற்கெனவே கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ் புத்திசாலித்தனம். தொடாத பற்களாக இருந்தால் ஒரு இழப்புக்காக இரண்டு நல்ல பற்களைப் பந்தயம் வைக்கிறோம். இம்ப்ளான்ட்டின் உண்மையான பெருமை அது பக்கத்துப் பல்லைத் தொடாதது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனேமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் கழற்ற முடியாதபடி எலும்போடு இணைந்துவிட்டதை 1952இல் கவனித்தார். 1965இல் அவர் முதன்முதலில் இம்ப்ளான்ட் வைத்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அவற்றைக் கொண்டே சாப்பிட்டார். ஆனால் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் சிகரெட்டும் இம்ப்ளான்ட்டைத் தோற்கடிக்கும், ஈறு நோய் இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் வரும்.

பணம் இந்தத் தேர்வுகள் எல்லாவற்றிலும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தில் உடைந்த பல்லைத் தவிர வேறு பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளமாகிறவருக்குப் பிடுங்குவது தோல்வி அல்ல, முடிவு. ஞானப்பல் என்றால் பல நேரம் அதுவே சரியான முடிவும்கூட. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், மாநிலமெங்கும் இருக்கும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதே வேலைகள் வெளியே ஆகும் செலவில் ஒரு பகுதிக்குள் முடியும். மாணவர் செய்வார், பேராசிரியர் பார்ப்பார், நாலு தடவை நடக்க வேண்டும். மாணவர் என்பதால் ரப்பர் டேம் போடவும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, பழைய அடைப்புகள். கருத்திருக்கிறது, பாதரசம் இருக்கிறது என்று நல்ல நிலையில் இருக்கும் வெள்ளி அடைப்பைப் பெயர்த்தெடுக்கச் சொல்லிப் பலர் வருகிறார்கள். பாதரச ஆவி கூடுதலாக வெளியேறுவது அதை வைக்கும்போதும் பெயர்க்கும்போதும்தான்; அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் மருத்துவத் தேவை இல்லாமல் எடுக்க வேண்டாம் என்கிறது. தவிர, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி கொஞ்சம் அகலமாகிறது. விளிம்பில் மட்டும் விரிசலோ சின்னச் சொத்தையோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் திறந்து காம்போசிட் ஒட்டிச் சரிசெய்ய முடியும், வெள்ளி அடைப்பில்கூட. இதற்குக் கட்டணம் குறைவு என்பதால் யாரும் தானாக முன்வந்து சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்: முழுசா மாத்தணுமா, அந்த ஓரத்தை மட்டும் சரி பண்ண முடியாதா?